கமிட்டியில் பெயர் மட்டும் போதாது: தென்னாப்பிரிக்கத் தமிழ் அமைப்புகளில் நிர்வாகக் குழு உயிரோடு இயங்குவது எப்படி?

2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா சாம்பல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கறுப்புப் பணமும் தீவிரவாதத்துக்குப் போகும் பணமும் சரியாகக் கண்காணிக்கப்படவில்லை என்று கருதப்படும் நாடுகளை எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு அமைப்பு வைக்கும் பட்டியல் அது. 2025 அக்டோபர் 24 அன்று அந்தப் பட்டியலிலிருந்து நாடு வெளியே வந்தது. இடைப்பட்ட காலத்தில் தொண்டு அமைப்புகள் தொடர்பான சட்டங்கள் மாறின. கோயில் கமிட்டி, தமிழ்ப் பாடசாலை, முதியோர் இல்லம், அன்னதானக் குழு என்று எதை நடத்தினாலும் பொறுப்பாளர்கள் யார், முடிவு எடுப்பது யார் என்ற விவரம் கேட்கப்பட்டது.

பட்டியலிலிருந்து வெளியே வந்தாயிற்றே, இனி அந்தக் கெடுபிடி இருக்காதா என்று டர்பனிலும் லெனேசியாவிலும் பலர் கேட்கிறார்கள். இருக்கும். பட்டியல் மாறியதால் சட்டம் திரும்பிப் போகவில்லை. ஆனால் கமிட்டிக்காரர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது படிவங்களைப் பற்றி அல்ல. படிவத்தைக் கணக்காளர் நிரப்பிவிடுவார். அந்தப் படிவத்தில் பெயர் இருக்கிற பத்துப் பேரில் எத்தனை பேருக்கு அமைப்பின் நிலைமை தெரியும் என்பதுதான் பெரிய கேள்வி. பல இடங்களில் மூன்று பேர் முடிவெடுக்கிறார்கள், மற்றவர்கள் கை தூக்குகிறார்கள். அந்த மற்றவர்களை எப்படி உள்ளே கொண்டு வருவது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது. அதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

குழப்பம் தரும் சொற்கள்

1. என்.பி.ஓ. (லாபநோக்கற்ற அமைப்பு): பொதுநோக்கத்துக்காக நடத்தப்படும், வருமானத்தையும் சொத்தையும் உறுப்பினர்களுக்குப் பங்கு போடாத அமைப்பு. 1997-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் சட்டம் இதை வரையறுக்கிறது. பதிவு சமூக மேம்பாட்டுத் துறையிடம் நடக்கிறது.

2. சட்ட வடிவம்: என்.பி.ஓ. என்பது பதிவு. அந்தப் பதிவுக்குக் கீழே அமைப்பு மூன்று வடிவங்களில் ஒன்றில் இருக்கும். தன் அமைப்பு விதிகளின்படி நடக்கும் சங்கம், உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் பதிந்த டிரஸ்ட், கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான சி.ஐ.பி.சி.யில் பதிந்த லாபநோக்கற்ற கம்பெனி. நம் கோயில்களும் பாடசாலைகளும் பெரும்பாலும் முதல் வகை.

3. பி.பி.ஓ. (பொதுநல அமைப்பு): வருமான வரித்துறையான சார்ஸ் தரும் வரிவிலக்குத் தகுதி. என்.பி.ஓ. பதிவு கிடைத்தாலே இதுவும் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு விண்ணப்பம்.

4. 18ஏ ரசீது: நன்கொடை கொடுத்தவர் தன் வரியில் கழித்துக்கொள்ள உதவும் ரசீது. வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிக்கலாம். இதில் கோயில்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சமய வழிபாடு பி.பி.ஓ. தகுதிக்குப் போதும், 18ஏ ரசீதுக்குப் போதாது. கோபுரத் திருப்பணிக்குக் கொடுத்த பணத்துக்கு 18ஏ ரசீது தர முடியாது. ஏழைகளுக்கு உணவளிப்பது, வெள்ள நிவாரணம் போன்ற பணிகள் 18ஏ ரசீதுக்குத் தகுதியானவை என்று வரிச் சட்டம் பட்டியலிடும் பகுதிக்குள் வரலாம். அதற்கும் சார்ஸின் ஒப்புதல் வேண்டும், அந்தப் பணத்தின் கணக்கைத் தனியாக வைக்க வேண்டும். "பெரிய தொகை கொடுத்தாரே, கேட்டாரே" என்று தவறாக ரசீது எழுதிக் கொடுப்பது கமிட்டியையே சிக்கலில் மாட்டிவிடும்.

5. நம்பிக்கைப் பொறுப்பு: அடுத்தவர் பணத்தையும் நலனையும் ஏற்று நடத்துபவர், தன் லாபத்தைப் பார்க்காமல், அக்கறையோடும் விவரம் தெரிந்தும் நடக்க வேண்டிய சட்டக் கடமை. கீழே வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

பொறுப்பு யார் தலையில்?

"கணக்கு டிரஷரர் வேலை, நான் அன்னதானம் மட்டும் பார்க்கிறேன்" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. வேலையை அப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பொறுப்பைப் பிரிக்க முடியாது.

கம்பெனி வடிவத்தில் இருக்கும் அமைப்புக்கு 2008-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பொருந்தும். குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடு, அமைப்பின் நலனுக்காக, தக்க கவனத்தோடு நடக்க வேண்டும் என்கிறது அதன் 76-ஆம் பிரிவு. தவறினால் நஷ்டத்துக்குத் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டிவரும். அதே பிரிவு ஒரு பாதுகாப்பும் தருகிறது. விவரங்களைத் தெரிந்துகொள்ள நியாயமான முயற்சி எடுத்து, சொந்த ஆதாயம் இல்லாமல், நியாயமான காரணத்தோடு முடிவெடுத்தவருக்கு, அந்த முடிவு பின்னால் தோற்றுப்போனாலும் கவசம் உண்டு. தெரிந்துகொள்ள முயற்சியே எடுக்காதவருக்கு அந்தக் கவசம் கிடைக்காது.

டிரஸ்டிகளுக்கு 1988-ஆம் ஆண்டின் டிரஸ்ட் சட்டம் இதே அளவு கவனத்தைக் கேட்கிறது. சங்க வடிவத்தில் இருந்தால் அமைப்பு விதிகள்தான் முதல் ஆதாரம். பி.பி.ஓ. தகுதி பெற வேண்டுமென்றால் சார்ஸ் இன்னொரு நிபந்தனை வைக்கிறது: ஒருவரோடொருவர் நெருங்கிய தொடர்பில்லாத குறைந்தது மூன்று பேர் நம்பிக்கைப் பொறுப்பை ஏற்க வேண்டும், எந்தத் தனி மனிதரும் முடிவுகளைக் கையில் வைத்திருக்கக் கூடாது. கணவர் சேர்மன், மனைவி செகரட்டரி, மகன் டிரஷரர் என்று மூன்று பெயரை எழுதினால் இந்த நிபந்தனை நிறைவேறாது. ஒரே குடும்பம் பரம்பரையாகத் தொண்டு செய்து வந்த சிறிய கோயில்களுக்கு இது சங்கடமாக இருக்கும். ஆனாலும் வெளியாட்களைச் சேர்க்காமல் வழியில்லை.

2023-இல் என்ன மாறியது?

2022-ஆம் ஆண்டின் 22-ஆம் எண் சட்டம் ஒரே வீச்சில் பல சட்டங்களைத் திருத்தியது. என்.பி.ஓ. சட்டத் திருத்தங்கள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கமிட்டிக்குத் தேவையானவை மூன்று.

1. நாட்டுக்கு வெளியே நன்கொடை கொடுக்கும் அமைப்பு, அல்லது வெளிநாட்டில் தொண்டு, சமய, கல்வி, பண்பாட்டுச் சேவை செய்யும் அமைப்பு கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். மசோதா முதலில் எல்லா அமைப்புகளுக்கும் பதிவைக் கட்டாயமாக்கப் பார்த்தது. எதிர்ப்பு வந்த பிறகு இந்த அளவில் நின்றது. தமிழ்நாட்டில் உள்ள ஒரு கோயிலின் கும்பாபிஷேகத்துக்கோ, இலங்கையில் உள்ள ஒரு அநாதை இல்லத்துக்கோ அமைப்பின் பணத்தை அனுப்பினால் நீங்களும் இதற்குள் வருகிறீர்கள். "சின்னத் தொகைதானே" என்று விடாமல் கமிட்டி இதைப் பேசியே ஆக வேண்டும்.

2. பொறுப்பாளர்கள் யார், கட்டுப்பாடு யார் கையில், நிர்வாகம் எப்படி நடக்கிறது என்ற விவரங்களைத் துறைக்குத் தர வேண்டும்.

3. சிலர் பொறுப்பாளராக இருக்கத் தகுதியற்றவர்கள். நேர்மையின்மைக்காக நம்பிக்கைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர்களும், திருட்டு, மோசடி, பணச் சலவை போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களும் இதில் அடக்கம். ஏ.ஜி.எம். என்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெயரை முன்மொழியும் முன் இதைக் கேட்பது அவமரியாதை இல்லை. எல்லோரிடமும் ஒரே உறுதிமொழித் தாளை நீட்டினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தூங்கும் கமிட்டியால் என்ன ஆபத்து?

தேசிய லாட்டரி ஆணையத்தின் நிதியில் நடந்த முறைகேடுகளை விசாரிக்கும்படி சிறப்பு விசாரணைப் பிரிவுக்கு 2020-இல் அதிபர் ஆணையிட்டார். அதில் வெளிவந்த வழிகளில் ஒன்று நம் எல்லோரையும் எச்சரிக்க வேண்டியது. பதிவு மட்டும் இருந்து செயல்படாமல் கிடந்த அமைப்புகளின் பெயரை வேறு யாரோ எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் மானியம் வாங்கினார்கள். பொறுப்பாளர் பட்டியலைப் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத, அறிக்கை அனுப்பாத அமைப்புதான் இதற்கு வசதி. இறந்துபோனவரும் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவரும் இன்னும் உங்கள் பதிவில் பொறுப்பாளர்களாக இருந்தால், அமைப்பின் பெயர் காவலில்லாமல் கிடக்கிறது என்று பொருள்.

இன்னொன்று பணத்தைவிடப் பெரியது. கௌட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்த மனநோயாளிகளை 2015, 2016-இல் மாகாண சுகாதாரத் துறை அவசரமாகத் தொண்டு அமைப்புகளுக்கு மாற்றியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களை ஏற்ற 27 அமைப்புகளின் உரிமங்களும் செல்லாதவை என்று 2017 பிப்ரவரியில் வெளியான ஹெல்த் ஓம்பட் (சுகாதாரக் குறைதீர்ப்பாளர்) அறிக்கை சொன்னது. முதல் குற்றம் அரசின் மேல்தான். இருந்தாலும், ஒவ்வொரு அமைப்பிலும் "இத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள நம்மிடம் ஆளும் மருந்தும் படுக்கையும் இருக்கிறதா?" என்று நிறுத்திக் கேட்க ஒரு குழு இருந்திருக்க வேண்டும். முதியோர் இல்லமோ குழந்தைகள் காப்பகமோ நடத்தும் கமிட்டி மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய சம்பவம் இது.

ஏன் உறுப்பினர்கள் பேசுவதில்லை?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அது உண்மை இல்லை. காவடி நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிற அதே ஆள்தான் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். காரணம் வேறு.

முதல் காரணம் வரலாறு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நேட்டாலில் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கரும்புத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் கோயில் கட்டினார்கள். அரசு தராத பள்ளிக்கூடங்களுக்குத் தாங்களே பணம் திரட்டினார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டம் வீடுகளைப் பறித்துச் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியபோது அங்கேயும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த அமைப்புகள் உடலுழைப்பால் எழுந்தவை. ஆகவே நம் கமிட்டிகளில் கைவேலைக்குக் குறைவே இல்லை. உட்கார்ந்து கணக்கைப் படித்துக் கேள்வி கேட்பது மட்டும் அந்த அளவுக்கு ஊறவில்லை. அன்னதானத்துக்குப் பரிமாறினால் கமிட்டிக் கடமை முடிந்தது என்ற எண்ணம் நேர்மையான எண்ணம்தான். ஆனால் அது பாதிக் கடமை.

இரண்டாவது, வயதுக்குத் தரும் மரியாதை. இருபது ஆண்டுகளாகச் சேர்மனாக இருக்கும் ஒரு பெரியவரிடம், "அங்கிள், இந்தச் செலவு எதற்கு?" என்று முப்பது வயதுப் பெண் கேட்டால் சபையில் ஒரு சங்கடம் விழும். கேட்டவரும் சங்கடப்படுவார், கேட்கப்பட்டவரும் தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைப்பார். அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, கூட்டம் நடக்கும் விதம். கணக்குத் தாள் கூட்டத்தன்றுதான் கைக்கு வரும். சேர்மன் வாசிப்பார். படித்து முடிப்பதற்குள் "எல்லோருக்கும் சரிதானே?" என்ற கேள்வி வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த கெட்டிக்காரரும் இப்படி நான்கு கூட்டம் உட்கார்ந்தால் ஐந்தாவதுக்கு வர மாட்டார்.

நான்காவது, வந்த வழி. "ஒரு ஆள் குறைகிறது, நீங்கள் இருங்கள்" என்று ஏ.ஜி.எம்.மில் கையைப் பிடித்து உட்கார வைக்கப்பட்டவருக்குத் தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

கேள்வி கேட்பதை ஒரு முறைவேலையாக்குங்கள்

மேலே சொன்னவற்றில் கடினமானது மரியாதைப் பிரச்சினை. "தைரியமாகப் பேசுங்கள்" என்று புத்திமதி சொன்னால் அது தீராது. கேள்வி கேட்பதைத் தனி மனிதரின் துணிச்சலாக விடாமல், கமிட்டி கொடுத்த வேலையாக மாற்றினால் தீரும்.

உதாரணமாக, ஒவ்வொரு மாதமும் ஒரு உறுப்பினர் ரசீது பார்ப்பவர். டிரஷரரோ சேர்மனோ அல்லாத ஒருவர். அவர் அந்த மாதத்தின் பெரிய செலவுகளில் ஐந்தை எடுத்து, பில், ஒப்புதல் பதிந்த மினிட்ஸ், வங்கிப் பட்டியல் மூன்றும் ஒத்துப் போகிறதா என்று பார்த்து, கூட்டத்தில் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் இன்னொருவர். இப்போது "அங்கிள், இந்த மாதம் ரசீது பார்ப்பது என் முறை. கூடாரக்காரர் பில் மட்டும் வரவில்லை" என்று அதே பெண் சொன்னால் யாருக்கும் மனம் கோணாது. அவர் தன் வேலையைச் செய்கிறார். ஒரு சுற்று முடியும்போது எல்லோருக்கும் கணக்கு படிக்கத் தெரிந்திருக்கும் என்பது இன்னொரு லாபம். சேர்மனுக்கும் இது நல்லது. பின்னாளில் யாராவது குறை சொன்னால் பத்துப் பேர் முறைவைத்துப் பார்த்த கணக்கு அவரைக் காப்பாற்றும்.

இதே முறையைப் பெரிய முடிவுகளுக்கும் வைக்கலாம். மண்டபத்துக்குக் கூரை மாற்றுவதா என்ற பேச்சு வரும்போது, எதிர்த்தரப்பைச் சொல்ல ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். அவர் உண்மையில் எதிர்க்க வேண்டும் என்பதில்லை. செலவு கூடினால் என்ன, வேலை நின்றுபோனால் என்ன, மாநகராட்சி அனுமதி இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று கேட்பது அவர் வேலை.

கூட்டத்தை மாற்றும் வழிகள்

1. தாள்கள் ஒரு வாரம் முன்பே போகட்டும். வாட்ஸ்அப்பில் போனாலும் பரவாயில்லை. வாசிக்காத தாளின் மேல் முடிவு வேண்டாம் என்று சேர்மனே ஒருமுறை தள்ளிவைத்துக் காட்டினால் அடுத்த முறை எல்லோரும் வாசித்துவிட்டு வருவார்கள்.

2. வேலைப் பேச்சையும் முடிவுப் பேச்சையும் பிரியுங்கள். எத்தனை கிலோ அரிசி, யார் பூ வாங்குவது என்பதெல்லாம் திருவிழாக் குழுவின் பேச்சு. அது கமிட்டிக் கூட்டத்துக்குள் வந்தால் இரண்டு மணி நேரமும் அதற்கே போய்விடும், பணம், ஆட்கள், ஆபத்து பற்றிப் பேச நேரம் இருக்காது. கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் பெரிய முடிவு ஒன்றுக்கு ஒதுக்கப்பட வேண்டும், களைத்துப்போன கடைசி அரைமணி நேரம் அல்ல.

3. சேர்மன் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் ஒரு வரி, இளையவரிலிருந்து தொடங்கி.

4. மினிட்ஸில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எடுத்த முடிவு, அதைச் செய்ய வேண்டியவர், தேதி. அடுத்த கூட்டம் இந்தப் பட்டியலோடு தொடங்கட்டும். கூட்டம் கூட்டும் விதம், கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை), மினிட்ஸ் ஆகியவை பற்றி அமைப்பு விதிகளில் இருக்க வேண்டும் என்று என்.பி.ஓ. சட்டமே கேட்கிறது. ஆகவே இது செகரட்டரியின் விருப்பம் இல்லை.

5. வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவு செல்லுமா? விதிகளில் எழுத்து மூலமான முடிவுக்கு இடமிருந்தால் செல்லும். கம்பெனிகள் சட்டத்திலும் இயக்குநர்கள் எல்லோருக்கும் விஷயத்தைத் தெரிவித்துப் பெரும்பான்மையின் எழுத்து ஒப்புதல் வாங்க வழி உண்டு. விதிகளில் இடமில்லை என்றால் நான்கு கட்டைவிரல் படங்கள் தீர்மானம் ஆகாது. 2021 ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம் போல ஒரே இரவில் சமையலறையைத் திறக்க வேண்டிய நாள் மறுபடி வரலாம். அவசரத்தில் யார், எவ்வளவு தொகை வரை செலவழிக்கலாம், எத்தனை நாளில் கமிட்டியிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று இன்றே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

6. சொந்த ஆதாயம் உள்ள விஷயத்தில் வெளியே போங்கள். தம்பியின் கேட்டரிங், மச்சானின் கட்டட ஒப்பந்தம் என்றால் முதலிலேயே சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். அதை மினிட்ஸில் எழுத வேண்டும். தெரிந்தவர்தான் மலிவாகத் தருகிறார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை மற்றவர்கள் தீர்மானிக்கட்டும்.

பணத்தை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்

பேசாத உறுப்பினர்களில் பெரும்பாலோர் கணக்கு புரியாததால் பேசாமல் இருக்கிறார்கள். கணக்காளர் தரும் இருபது பக்க அறிக்கை அவர்களுக்காக எழுதப்பட்டதும் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒரே பக்கம் போதும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். வங்கியில் 240,000 ராண்ட் இருக்கிறது. டிரஷரர் அப்படிச் சொன்னதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அதில் 150,000 ராண்ட் கோபுரத் திருப்பணிக்கென்று கேட்டு வாங்கியது. அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. மீதி 90,000. குருக்கள் சம்பளம், மின்சாரம், தண்ணீர், காவலாளி, காப்பீடு என்று மாதாமாதம் தவறாமல் போகும் செலவு 45,000 ராண்ட். அப்படியென்றால் புது வருமானம் வராவிட்டால் இந்தக் கோயில் இரண்டு மாதம்தான் தாங்கும். 240,000 என்ற எண் தந்த நிம்மதி தவறானது. இந்த ஒரே கழித்தல் கணக்கை ஒவ்வொரு உறுப்பினரும் தாமே போடப் பழகினால் கூட்டத்தின் பேச்சே மாறிவிடும்.

அந்த ஒற்றைப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: கையிருப்பு, அதில் குறிப்பிட்ட நோக்கத்துக்கானது எவ்வளவு, மாத நிலையான செலவு, எத்தனை மாதம் தாங்கும், பட்ஜெட்டை மீறிய செலவுகள்.

வங்கிக் கணக்கை இயக்குவதிலும் ஒரு மாற்றம் பலர் கவனத்துக்கு வராமல் நடந்துவிட்டது. முன்பு செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும், அதனால் இரண்டு பேராவது பார்ப்பார்கள். 2020-ஆம் ஆண்டின் கடைசியோடு தென்னாப்பிரிக்க வங்கிகள் செக்கை நிறுத்திவிட்டன. பல சிறிய அமைப்புகளில் அந்த இடத்துக்கு வந்தது ஒருவருடைய கைப்பேசியும் ஒரு பாஸ்வேர்டும். ஒருவர் பதிய இன்னொருவர் விடுவிக்கும் ஏற்பாட்டை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். விதிகளில் இன்னும் "இரண்டு கையெழுத்து" என்று இருந்தால், ஒரே ஆள் பணம் அனுப்புவது விதிமீறல். அந்த ஆள் எவ்வளவு நேர்மையானவர் என்பது இதில் கேள்வியே இல்லை.

திருவிழா உண்டியலும் அப்படித்தான். உறவினர் அல்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும். எண்ணிய தாளில் அங்கேயே கையெழுத்திட வேண்டும், முழுத் தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். "கூடாரக்காரருக்கு இதிலேயே கொடுத்துவிடலாம்" என்று உண்டியல் பணத்தில் செலவு செய்யத் தொடங்கினால் அப்புறம் எந்தக் கணக்காளராலும் வருமானத்தைச் சரிபார்க்க முடியாது.

ஆட்களைச் சேர்ப்பதும் வழியனுப்புவதும்

யார் கிடைப்பார் என்று தேடுவதற்கு முன், நமக்கு என்ன தெரிந்தவர் இல்லை என்று பாருங்கள். கணக்கு தெரிந்தவர் இருக்கிறாரா? சட்டம்? கட்டடம்? பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்? பாடசாலை நடத்தும் கமிட்டியில் பிள்ளை படிக்கும் ஒரு தாய்கூட இல்லையென்றால் அது குறை. தமிழ் பேச வராது என்பதற்காக இளையவர்களை ஒதுக்குவதும் சரியல்ல. இங்கே நான்கைந்து தலைமுறையாக ஆங்கிலத்தில் வளர்ந்த குடும்பங்கள்தான் தமிழ்க் கோயில்களைக் காத்து வருகின்றன.

புதியவருக்கு முதல் கூட்டத்துக்கு முன்பே நான்கு தாள்கள் கொடுங்கள்: அமைப்பு விதிகள், கடைசி ஆண்டுக் கணக்கு, கடைசி மூன்று மினிட்ஸ், வருடக் காலண்டர். சேர்மன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். "மாதம் ஒரு கூட்டம், வீட்டில் இரண்டு மணி நேரம் வாசிப்பு, வருடத்தில் ஒரு முறை ரசீது பார்ப்பது" என்று எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொன்னால் சிலர் மறுத்துவிடுவார்கள். மறுப்பது நல்லது. ஏற்றுக்கொண்டு வராமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பதவிக்காலம் பற்றிப் பேசுவது கடினம், ஆனால் தவிர்க்க முடியாது. மூன்று ஆண்டு, மறுபடி ஒரு முறை, அப்புறம் ஒரு இடைவெளி என்று விதிகளில் எழுதினால் யாரையும் யாரும் இறக்கிவிட்டதாக ஆகாது. எல்லோரும் ஒரே ஆண்டில் விலகாதபடி ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மாறட்டும். விலகும் பெரியவர்களுக்கு ஆலோசகர் இடம் கொடுங்கள். ஓட்டு இல்லாத, ஆனால் மதிப்புள்ள இடம். எந்தக் குருக்கள் எந்த ஆண்டு வந்தார், நிலப் பத்திரம் யார் பெயரில் எழுதப்பட்டது என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கும். அதை எழுதி வாங்கிக்கொள்ளாமல் வழியனுப்பினால் நஷ்டம் அமைப்புக்குத்தான்.

தொடர்ந்து மூன்று கூட்டம் காரணம் சொல்லாமல் வராதவர் இடம் காலியாகும் என்ற விதியும் தேவை. அதைப் பயன்படுத்தும் முன் சேர்மன் நேரில் போய் விசாரிக்க வேண்டும். வீட்டில் நோயாளி இருக்கலாம், இரவில் வண்டி ஓட்டப் பயமாக இருக்கலாம். கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றினாலோ ஆன்லைனில் சேர வழி செய்தாலோ திரும்பி வருவார்.

இவற்றுக்கு ஆதாரம் தேடுபவர்களுக்கு முன்னாள் நீதிபதி மெர்வின் கிங் தலைமையில் உருவான கிங் அறிக்கைகள் உதவும். 2016-இல் வந்த நான்காம் அறிக்கையில் தொண்டு அமைப்புகளுக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அது சட்டம் அல்ல, வழிகாட்டி. சிறிய கமிட்டி அதை முழுதாகப் பின்பற்றத் தேவையில்லை.

வருடக் காலண்டர்

நிதியாண்டு எந்த நாளில் முடிய வேண்டும் என்பதை விதிகளே சொல்லும். பிப்ரவரி கடைசியில் முடிக்கும் அமைப்புகளுக்கு இது பொருந்தும்.

1. ஜனவரி, பிப்ரவரி: தைப்பூசக் காவடி. ஆண்டின் பெரிய வசூல் கணக்கு மூடும் வேளையில் வந்து விழுகிறது. பிப்ரவரி முடிவதற்குள் எண்ணிய தாள்கள், வங்கிச் சீட்டு, பில் எல்லாம் டிரஷரர் கையில் இருக்க வேண்டும். விட்டால் சித்ரா பௌர்ணமிக் காவடி வேலை வந்து இதை மூடிவிடும்.

2. ஆகஸ்ட் முடிவதற்குள்: நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் நிதி அறிக்கை தயாராக வேண்டும். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நேரமும் இதுதான், ஆகவே ஜூனிலேயே கணக்காளரிடம் கொடுத்துவிடுங்கள். அறிக்கை தயாரான இரண்டு மாதத்துக்குள் கணக்குப் பொறுப்பாளரின் (அக்கவுண்டிங் ஆபீஸர்) எழுத்து அறிக்கை வர வேண்டும்.

3. ஏ.ஜி.எம். நடந்த ஒரு மாதத்துக்குள்: பொறுப்பாளர்களின் பெயரும் முகவரியும் சமூக மேம்பாட்டுத் துறைக்குப் போக வேண்டும். பழையவர்களே மறுபடி தேர்வாகி, எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டும். அதிகம் தவறவிடப்படும் கடமை இது.

4. நவம்பர் முடிவதற்குள்: ஒன்பது மாதத்துக்குள் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையும் நிதி அறிக்கையும் துறைக்குப் போக வேண்டும். சார்ஸின் வரிப் படிவம், கம்பெனி வடிவமென்றால் சி.ஐ.பி.சி.யின் ஆண்டுப் படிவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கெடு உண்டு. அந்தத் தேதிகளையும் இதே காலண்டரில் எழுதுங்கள்.

ஒவ்வொரு கெடுவுக்கும் எதிரில் ஒரு உறுப்பினரின் பெயர் இருக்க வேண்டும். செகரட்டரி பெயரையே நான்கு இடத்திலும் எழுதாதீர்கள். அக்டோபர் கூட்டத்தில் அறிக்கையின் வரைவு எல்லோர் கையிலும் இருக்கட்டும். அந்தக் கெடுவுக்குப் பெயர் கொடுத்தவர் அதை வாசித்து விளக்கட்டும், மற்றவர்கள் திருத்தம் சொல்லட்டும், அப்புறம் கையெழுத்து.